ஏழாம் நம்பர் அறைக்காரர்

காணாமல் போனவரைத் தேடும்போது ஊரே கூட வரும். ஆகாதவன் திட்டுவான், சிநேகிதன் புலம்புவான், டீக்கடையில் ஆளுக்கொரு கதை கிடைக்கும். அதில் பாதி புளுகாக இருந்தாலும் மீதியை வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்துவிடலாம். ஏழாம் நம்பர் அறைக்காரர் விஷயத்தில் அந்த வசதி இல்லை. போன மழைக்காலத்திலிருந்து கடற்கரை லாட்ஜில் தங்கியிருந்த மனிதர் அவர். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததாகச் சொல்ல இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருத்தர் அந்த லாட்ஜை நடத்தும் அம்மா. இன்னொருத்தர், அவரைக் கடலில் தள்ளிவிட்டிருப்பாரோ என்று போலீஸ் சந்தேகப்படும் மீனவர்.

“முகமே தெரியாத ஆளை எதை வெச்சு மேடம் தேடறது?” என்றான் மீட்டர், பஸ்ஸை விட்டு இறங்கியதும்.

“விட்டுட்டுப் போனதை வெச்சு,” என்றார் மேடம்.

மேடம் எல்லோருக்குமே மேடம்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் அடுத்தவர் பொய்யைத் தேடும் பழக்கம் போகாமல் அதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். தனிக்கட்டை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி என்று குடித்தனம் நடத்துகிறவர். மீட்டர் முன்பு ஆட்டோ ஓட்டியவன். வண்டியில் ஓடாத மீட்டர் வாயில் ஓடுகிறது என்று ஸ்டாண்டில் வைத்த பேர், வண்டியை விற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது.

சீசன் முடிந்துவிட்டதால் தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. நீச்சல் டயர் வாடகைக்கு விடும் கடையின் ஷட்டர் அடியில் மணல் குவிந்து, அதன்மேல் ஒரு நாய் சுருண்டிருந்தது. எதிரே வந்து அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தது, இந்த வேலையை அவர்களிடம் கொடுத்த பெண்தான். சந்தேகத்துக்கு ஆளான மீனவரின் அக்கா. மீன் காயப்போட்டு விற்கிறவர். முந்தின நாள் ஆபீசுக்கு வந்தபோது அவர் அழவில்லை. “என் தம்பி ஒரு மீனைக் கொல்லவே ரெண்டு தடவை யோசிப்பான். மனுசனை எங்க தள்ளப் போறான்,” என்று மட்டும் சொன்னார்.

தம்பிக்கு ஊரில் ஒத்தைத் துடுப்பு என்று பேர். எல்லோரும் கூட்டமாகப் போகும் கடலுக்குத் தனியாகத் தோணி எடுத்துப் போகிறவர் என்பதால் வைத்தது. பெண்டாட்டி பிரசவத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். விடிந்தும் விடியாமல் போவார், தூண்டில் போடுவார், பிடித்ததைக் கரையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

நடந்தது இதுதான். வெளியூர்க்காரர்கள் தங்கும் லாட்ஜ்களில் எல்லாம் தங்கியிருப்பவர்களை நேரில் பார்த்துச் சரிபார்க்கவேண்டும் என்று போலீசுக்கு உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் இந்த லாட்ஜுக்கு வந்து ஏழாம் நம்பர்காரரைக் கூப்பிடச் சொன்னார். காலையில் கடலுக்குக் குளிக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றார் லாட்ஜ் அம்மா. மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, ஆள் வரவில்லை. கரையில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அவர் குளிக்கவெல்லாம் போவதில்லை, துடுப்பின் தோணியில்தான் போவார், துடுப்பே சொல்லியிருக்கிறான்.

அவ்வளவுதான். பிணம் கிடைக்காததால் கைது இல்லை. ஆனால் தினமும் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். அந்த ஆள் என்ன ஆனான் என்று தெரிகிறவரை தோணி தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மீனவர் சங்கமும் சொல்லிவிட்டது.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட பெரிய வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு வரிசையாக ஆட்கள் பிடித்து, குரல் கொடுத்தபடி பின்னால் பின்னால் நடந்தார்கள். கயிற்றின் கடைசி முனையைச் சுருட்டி வைக்கக்கூட ஆள் போதவில்லை. அவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலில் துடுப்பு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேடம் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, ஏழாம் நம்பர்காரர் எப்படி இருப்பார் என்று கேட்டார். துடுப்பு நெடுநேரம் யோசித்தார்.

“சாதாரணமா இருப்பார்.”

“உயரமா?”

“உட்கார்ந்துதான் பார்த்திருக்கேன்.”

“பல்லு ஏதாவது எடுப்பா இருக்குமா?” என்று மீட்டர் நுழைந்தான்.

“சிரிக்கும்போது வாயைப் பொத்திக்குவார்.”

அதற்கு மேல் எதைக் கேட்டாலும் பிடி கொடுக்கவில்லை. அன்றைக்குக் காலையில் அவர் தோணியில் வந்தாரா என்றால் பதில் இல்லை. வரவில்லை என்றாவது சொல்லக்கூடாதா என்று அக்கா கெஞ்சினார். அதற்கும் இல்லை. மேடம் எழுந்தபோதுதான் அவராகவே பேசினார். “தேட வேண்டாம் மேடம். என்னோட போகட்டும்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“தப்பு பண்ணவன் தப்பிக்கப் பார்ப்பான். இவர் மாட்டிக்கப் பார்க்கறார்,” என்றான் மீட்டர், நடந்துகொண்டே. “இப்படி ஊருக்கு ஒருத்தர் இருந்தா இன்ஸ்பெக்டர்கள் மத்தியானமும் தூங்கலாம்.”

டீக்கடையில் அவனுடைய வாய்க்கு வேலை கிடைத்தது. டீக்கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசியதில் மேடத்துக்கு வேண்டியது தானாக வந்து விழுந்தது. ஏழாம் நம்பர்காரரைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் துடுப்பு சொன்னதுதான். ஆழத்தைக் கண்டால் அந்த மனிதருக்குப் பயமாம். தோணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாராம். தூண்டிலில் சின்ன மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிடுவாராம். சொந்த பந்தம் பற்றி வாயே திறக்கமாட்டாராம். மழை வரும் என்று துடுப்பு சொன்னால் இல்லை வெயில் என்று பந்தயம் கட்டித் தோற்பாராம்.

“இதையெல்லாம் துடுப்பா சொன்னார்?” என்று கேட்டார் மேடம்.

டீக்கடைக்காரருக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்ததாம். துடுப்பு டீ குடித்தால் கிளாஸை வைக்கிற சத்தம்தான் கேட்கும், வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் லாட்ஜ் அம்மாவின் கொழுந்தன், அதாவது செத்துப்போன கணவரின் தம்பி, இதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி சொல்கிற அந்த வாடகைக்காரனை ஒருத்தரும் பார்த்ததில்லையே, ஆளே இல்லையோ என்னவோ, ராத்திரி போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மூலையில் இருந்த துடுப்பு முதல் தடவையாகப் பேசினார். அவர் இருக்கார், காலையில என்கூடத் தோணியில வந்தார் என்று. கொழுந்தன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது துடுப்பு எதையாவது சொல்லிவிட்டுப் போவார்.

மேடம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

லாட்ஜ் ரயில் பெட்டி மாதிரி இருந்தது. தகரக் கூரையின் கீழ் ஏழு அறைகள், ஒரே வரிசை. எல்லாக் கதவும் தெருவைப் பார்த்து. குறைந்த வாடகைக்குத் தங்க வருகிறவர்களுக்கு ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு வாளி, பொதுக் குளியலறை. வாசலில் சாயம் போன பலகையில் ‘கடல் பார்த்த அறைகள்’ என்று எழுதியிருந்தது. மீட்டர் எட்டி எட்டிப் பார்த்தான். கடல் லாட்ஜுக்குப் பின்பக்கம் இருந்தது. “அறை பார்த்திருக்கும் மேடம். நாமதான் பார்க்க முடியாது,” என்றான்.

லாட்ஜ் அம்மாவுக்கு நாற்பதை ஒட்டி வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு முறை மென்று விழுங்கினார். தங்கியிருக்கிறவர்கள் யாரும் இல்லை. முற்றத்தில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் மேலே இருந்த ஒன்று மட்டும் துடைத்திருந்தது.

மேடம் முதலில் ஆறாம் நம்பரைத் திறக்கச் சொன்னார். காலியாகிப் பல நாள் ஆன அறை. கட்டிலுக்கு அடியில், ஜன்னல் இடுக்கில், வாளியின் அடியில், எங்கே கை வைத்தாலும் மணல். பெருக்கித் துடைத்த பிறகும் கடற்கரை அறையில் மணல் இருக்கத்தான் செய்யும். தங்குகிறவர்கள் கால் விரலிலும் துண்டிலும் காதுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

பிறகு ஏழு. கட்டிலில் விரித்த பாய், தலையணை, சின்ன ரேடியோ, சீப்பு. மேடம் பாயைத் தூக்கி உள்ளங்கையால் தடவினார். ஜன்னல் இடுக்கில் விரலை விட்டார். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“ரொம்பச் சுத்தமான ஆள் மேடம்,” என்றான் மீட்டர்.

“தினமும் கடலுக்குப் போயிட்டு வர்ற ஆள். ஒரு பொட்டு மணல் இல்லை.”

வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, படிக்கட்டிலேயே. மேடம் கண்ணைக் காட்ட, மீட்டர் அதை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தான். ஒரு கால் ‘சொத்’ என்றது, இன்னொன்று நடக்கவே விடவில்லை. “எனக்குத் திடீர்னு ஒரு கால் சின்னதாயிடுச்சு மேடம்,” என்றான். இடதும் வலதும் வேறு வேறு அளவு. ஒன்றின் வார் இடுக்கில் கடுகளவு சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது. கடல் ஒதுக்கும் செருப்புகள் எந்தக் கரையிலும் கிடக்கும். ஆனால் ஜோடியாக ஒதுங்காது.

முற்றத்துக் கொடியில் நீலச் சட்டை ஒன்று காய்ந்தது. மேடம் அதைக் கழற்றிக் கையில் விரித்தார். முதுகுப் பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. முன்பக்கம் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த நீலம். எப்போதும் ஒரே பக்கம் தெருவைப் பார்க்கத் தொங்கியிருக்கிறது. காலரின் உள்பக்கம் அழுக்குக் கோடு இல்லை. இந்தச் சட்டை கொடியில் இருந்த நேரம் உண்டு, ஒரு உடம்பில் இருந்த நேரம் இல்லை.

மீட்டர் சட்டையையும் பார்த்தான், மேடத்தையும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, “ஓடிப்போகலை. சாகவும் இல்லை. அப்போ ஆள் எங்க மேடம்?” என்றான்.

“வரவே இல்லை.”

பின்னால் சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்டரைப் போய் ஒரு டீ குடிக்கச் சொன்னார். இப்பத்தானே குடிச்சேன் என்றான். இன்னும் ரெண்டு குடி என்றார். அவன் புரிந்துகொண்டு கிளம்பினான்.

லாட்ஜ் அம்மா உள்ளே நடந்தார். மேடம் பின்னாலேயே போனார். சமையலறையைத் தாண்டினால் பின்பக்க வராந்தா. இரண்டு பக்கமும் உயரமான சுவர், எதிரே படிகள், அதற்கப்புறம் கடல்தான். பெரிய கடல், யாரும் இல்லாத கடல். வராந்தாவில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு வாளி, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

மேடம் குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவும் கேட்கவில்லை. தன் கதையைத்தான் சொன்னார்.

“வேலையா வெளியூர் போனா நானும் லாட்ஜ்லதான் தங்கணும். சாவி வாங்கும்போதே, சார் பின்னாடி பஸ்ல வர்றார்னு சொல்லிடுவேன். எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த சார் இன்னும் பஸ்லயேதான் வந்துக்கிட்டிருக்கார்.”

லாட்ஜ் அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை அடங்கியபோது அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அக்கா என்று கூப்பிட்டார்.

கணவர் போன பிறகு கொழுந்தன் அடிக்கடி வர ஆரம்பித்தானாம். முதலில் ஆறுதல் சொல்ல. பிறகு, பொம்பளை தனியா எப்படி லாட்ஜ் நடத்துவே, என் பேருக்கு மாத்திக்கொடு என்று. பிறகு குடித்துவிட்டு, எதற்கென்று சொல்லாமல் கதவைத் தட்ட. பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் தட்டினபோது, வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: ஏழாம் நம்பர்ல ஒருத்தர் தங்கியிருக்கார், எழுப்பிடாதீங்க. தட்டல் நின்றுவிட்டது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். மறுநாள் கணவரின் பழைய பெட்டியில் அவர் ஒரு நாளும் போடாத புதுச் சட்டைகளைத் தேடி எடுத்தார். கரையில் ஒதுங்கின செருப்பைப் பொறுக்கினார். தினமும் விடிந்ததும் இந்தக் குழாயடியில் சட்டையை நனைத்து, தோய்த்த மாதிரி பிழிந்து முற்றத்தில் போடுவார். ரேடியோவைப் பாட வைப்பார். டீ போட்டால் இரண்டு கிளாஸில் ஊற்றுவார். அது யாருக்காகவும் இல்லை, பழகிப்போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது வேறு வழி தெரியவில்லை. ஆளைக் கடலுக்கு அனுப்பிவிட்டார். எங்கேயோ போய்விட்டார் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். ஒரு மீனவர் தலையில் வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். அதற்குள் கொழுந்தன் வந்து முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானாம். இனிமே நான் இருக்கேன் அண்ணி என்றானாம், சிரித்துக்கொண்டே.

“அந்தத் துடுப்பு ஏன் அப்படிச் சொன்னார்னுதான் அக்கா எனக்குப் புரியவே இல்லை,” என்றார் லாட்ஜ் அம்மா. “இல்லாத ஆளோட பேசினேன்னு சொல்றாரே. பெருமைக்குச் சொல்றாரா, புத்தி கலங்கினவரான்னு நினைச்சேன். ஆனா பால் வாங்கப் போனா, இன்னிக்கு ஏதாவது சொன்னாரான்னு காது தானாப் போகும். ஆழம்னா பயமாம். சின்ன மீனை விட்டுடுவாராம். கேட்டுட்டு வந்து இங்க உட்கார்ந்து நினைச்சுப் பார்ப்பேன். ஒரு நாள் ஏழாம் நம்பர் கதவைத் திறக்கறப்போ, உள்ள நிஜமாவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தா என்ன பண்றதுன்னு தோணிச்சு. பயமா இல்லைக்கா.”

மேடம் கடலைப் பார்த்தார். தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு கறுப்புப் பாறை தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“துடுப்பு எந்தப் பக்கம் தூண்டில் போடுவார்?”

“அதோ, அந்தப் பாறைக்கு நேரா. விடியும்போது நான் இங்க வந்தா தோணி அங்க நிக்கும். எப்பவும் அதே இடம்தான்.”

“இங்கிருந்து தோணி தெரியுது. அங்கிருந்து என்ன தெரியும்?”

லாட்ஜ் அம்மா பாறையைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்லத் திரும்பி, குழாயடியில் இருந்த வாளிக்கு வந்தது. அங்கிருந்து இரண்டு நாற்காலிகளுக்கு. பிறகு எழுந்து முகத்தைக் கழுவி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, படிகளில் இறங்கி மணலில் நடக்க ஆரம்பித்தார். மேடம் தடுக்கவும் இல்லை, முந்தவும் இல்லை.

கரைவலை கரைக்கு ஏறியிருந்தது. மீனைச் சுற்றிக் கூட்டம். துடுப்பின் அக்காவும் கூடையோடு நின்றிருந்தார். சங்கத் தலைவர் நடுவில் நின்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றார். அலைச்சத்தத்தில் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

“ஏழாம் நம்பர்ல யாரும் இருந்ததில்லை. தனியா இருக்கப் பயந்துக்கிட்டு நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்லை.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தார். லாட்ஜ் அம்மாவைப் பார்த்தார், தூரத்தில் கவிழ்ந்து கிடந்த தோணியைப் பார்த்தார். போய்த் தோணியை நிமிர்த்துங்க என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். கயிற்றில் கை வைக்க விடாதவர்களே போய், துடுப்பின் முகத்தைப் பார்க்காமல், தோணியைப் புரட்டி வைத்துவிட்டு வந்தார்கள்.

துடுப்பு எழுந்து நின்றுகொண்டிருந்தார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது அவருடைய நிற்பு. மேடம் அவரிடம் போனார். லாட்ஜ் அம்மா நாலு எட்டு தள்ளி நின்றார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார் மேடம்.

“முதல்ல இருந்தே.” அவர் மணலைப் பார்த்துப் பேசினார். “தெருவுல இருந்து பார்த்தா அந்த ரூம்ல ஆள் இருக்கு. கடல்ல இருந்து பார்த்தா இல்லை. கடல்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்.”

“போலீஸ்ல இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்க.”

“அப்புறம் அவங்க வீட்டுக் கதவை யார் வேணா தட்டுவாங்க.”

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தபடி நின்றார். லாட்ஜ் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். அந்த இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஆழம்னா பயம்னு ஏன் சொன்னீங்க?”

“நீங்க கணுக்காலுக்கு மேல தண்ணியில இறங்க மாட்டீங்க,” என்றார் துடுப்பு. “உங்களுக்குத் துணையா வந்தவரும் அப்படித்தான் இருப்பார்னு நினைச்சேன்.”

மேடத்துக்கு ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஊருக்கெல்லாம் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னவர், இந்த அம்மாவிடம் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டார்.

“பேசினா நான் பார்த்தது தெரிஞ்சிடுமே,” என்றார் துடுப்பு.

மீதி நாள் ஸ்டேஷனில் போயிற்று. இன்ஸ்பெக்டர் லாட்ஜ் அம்மாவை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். இல்லாத ஆளுக்காகப் படகு வைத்துக் கடலைத் துழாவின எரிச்சல் அவருக்கு. ஆளைக் கண்டுபிடிக்கலைன்னு உங்க மேல யாரும் பழி சொல்ல முடியாது சார் என்று மீட்டர் ஆறுதல் சொல்ல, அவனையும் சேர்த்துத் திட்டினார். மேடம் அவர் ஓய்கிறவரை காத்திருந்து, பொய் ஏன் சொல்லவேண்டி வந்தது என்பதையும் கேட்கும்படி சொன்னார். கொழுந்தன் பேரில் லாட்ஜ் அம்மா முதல் தடவையாகப் புகார் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் அக்கா ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தார். தம்பி சுமந்த பழியைத் தீர்த்துவைத்தவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மேடத்திடம் சொன்னார். இனி தன் ஜாகை ஏழாம் நம்பர்தான் என்றும், தன் குறட்டைக்கு முன்னால் ரேடியோ எல்லாம் தேவைப்படாது என்றும் லாட்ஜ் அம்மாவிடம் சொல்லிவிட்டார். செய்தி எட்டியவுடன் கொழுந்தன் வந்தான். அண்ணி என்று கூப்பிட்டு வாசலில் காலை வைத்தவன் எதிரே, ஏழாம் நம்பர் கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார். கையில் மீன் அரியும் கத்தி இருந்தது. கழுவிக்கொண்டிருந்தேன், அப்படியே வந்துவிட்டேன் என்று பிற்பாடு சொன்னார். என்ன வேணும் தம்பி என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அவன் ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டான். தப்பித்து ஓடியதில் அவன் விட்டுப்போன செருப்பு ஜோடி சரியாக இருந்ததாக மீட்டர் அளந்து பார்த்துச் சொன்னான்.

மேடமும் மீட்டரும் ஆளுக்கொரு அறையில் தங்கினார்கள். சாவி வாங்கும்போது சார் வருவதைப் பற்றி மேடம் எதுவும் சொல்லவில்லை.

விடிந்ததும் மேடம் பின்பக்க வராந்தாவுக்குப் போனார். அக்கா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் அம்மா படியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்கு நேராகத் தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டினவரை தோணி இல்லை.

“இன்னிக்குத் தோணி இறங்கலையா?” என்றார் லாட்ஜ் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

அக்கா வாயைக் கொப்பளித்தார். “முதல் ஆளா இறக்கிட்டான். வடக்குப் பக்கம் போயிருக்கான். இனிமே இங்க நின்னா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னான்.”

லாட்ஜ் அம்மா உள்ளே போய் டீ கொண்டுவந்தார். மேடத்துக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“வடக்குல மீன் இருக்குமா?”

“எங்க இருக்கும். சேறுதான்.”

அக்கா டீயைக் குடித்து முடித்து, கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். கரைக்குப் போகிற நேரம். அவர் படி இறங்கி மணலில் கால் வைத்தபோது லாட்ஜ் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“பழைய இடத்துலயே போடச் சொல்லுங்க.”